டிஸ்னி வேர்ல்டும் மதியத் தூக்கமும்

போன மாசம் ஒரு எபிசோடில் போகிற போக்கில், "ரெண்டே முக்கால் வயசுப் பொண்ணையும் எங்க அம்மா அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஓர்லாண்டோ போயிட்டு வந்தோம்"னு ஒரு வரி சொன்னேன். அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பத்தித்தான். டேட்டாபேஸ் இன்டெக்ஸ் பத்தி நாற்பது நிமிஷம் மூச்சு விடாம பேசினேனே, அதை யாரும் கண்டுக்கவே இல்ல. சரி, இன்னைக்கு இதையே பேசிடலாம்.

முதலில் எங்க நிலைமையைச் சொல்லிடறேன், ஏன்னா உங்க நிலைமை வேறயா இருந்தா திட்டமும் வேறயாத்தான் வரும். நாங்க அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் இருக்கோம். அம்மா அப்பா பாளையங்கோட்டையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்து ஆறு மாசம் இருந்தாங்க. நவம்பரில் திரும்பணும். பாப்பாவுக்கு டிசம்பரில் மூணு வயசு. டிஸ்னி வேர்ல்டில் மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு டிக்கெட்டே வேண்டாம். மூணு முடிஞ்ச மறுநாளே டிக்கெட் வாங்கியாகணும், அதுவும் பெரியவங்க டிக்கெட்டை விடக் கொஞ்சம்தான் குறைவு. அப்பாவுக்கு மூட்டு வலி. "இதுதாம்மா கடைசி, இனிமே அம்புட்டு நேரம் பிளேன்ல உக்கார முடியாது"ன்னு வந்து இறங்கின அன்னைக்கே சொல்லிட்டார். ஆக, போறதுன்னா செப்டம்பர், அக்டோபரில் போகணும். இல்லேன்னா இந்த அஞ்சு பேரும் சேர்ந்து போறது இல்லவே இல்ல.

அப்பா கேட்ட முதல் கேள்வி நீங்க எல்லாரும் கேட்கிற அதே கேள்விதான். "ஏம்மா, பிள்ளைக்கு இதெல்லாம் நாளைக்கு ஞாபகம் இருக்குமா?"

இருக்காது. மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலும் பெரியவங்களான பிறகு நினைவில் நிற்காது. உளவியலில் இதை இன்ஃபன்டைல் அம்னீசியா என்கிறார்கள். அப்பாகிட்ட அதை அப்படியே சொன்னேன். "பிறகு எதுக்கு இவ்வளவு செலவு?"ன்னார். ஒரு ஆளுக்கு ஒரு நாள் டிக்கெட்டே நூறு டாலரைத் தாண்டும். அதை ரூபாய்க்கு மாத்திப் பார்த்தார்னா அன்னைக்குச் சாப்பாடு இறங்காது. "அப்பா, அவளுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு இருக்கும்ல"ன்னேன். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. ஆனா இந்தப் பதில் எங்க திட்டத்தையே மாத்திடுச்சு. அஞ்சு பேர் போறோம். அதில் நினைவு வச்சுக்கப் போறவங்க நாலு பேர். அந்த நாலு பேரோட நாள் எப்படிப் போகும்னு தீர்மானிக்கப் போறது அந்த அஞ்சாவது ஆள். பாதுகாக்க வேண்டியது அவளோட மனநிலையை. அதாவது, அவளோட தூக்கத்தை.

எங்க வீட்டுக்காரரும் இன்ஜினியர்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுட்டார். நாலு பார்க், நாலு நாள், ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு கலர். அப்பா எட்டிப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை, பஸ் ஸ்டாண்டு டைம் டேபிள் மாதிரி இருக்கே"ன்னார்.

அந்த மாதிரித் திட்டம் போடுறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்குப் பின்னாடி நல்ல கணக்கு இருக்கு. டிராவலிங் சேல்ஸ்மேன் பிராப்ளம் கேள்விப்பட்டிருப்பீங்க: பல ஊர்களுக்கு எந்த வரிசையில் போனா மொத்தத் தூரம் குறையும்? தீம் பார்க்கில் அது இன்னும் கஷ்டம், ஏன்னா தூரம் மட்டும் இல்ல, ஒவ்வொரு இடத்திலும் நிற்க வேண்டிய நேரம் மணிக்கு மணி மாறிக்கிட்டே இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கு இது அல்வா. ஆனா அந்தக் கணக்கில் எதைக் கூட்டப் பார்க்கிறோம்? ஒரு நாளில் ஏறின ரைடுகளோட எண்ணிக்கையை. ரெண்டரை வயசுக் குழந்தைக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்ல. யானையில் ஒரு தடவை ஏறினாலும் சரி, அதே யானையில் நாலு தடவை ஏறினாலும் சரி. வாத்தைத் துரத்தினா இன்னும் சந்தோஷம்.

அதனால் கணக்கைத் தலைகீழாப் போட்டோம். ரெண்டு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. எங்க பாப்பா மதியம் ஒன்றிலிருந்து மூணு வரைக்கும் தூங்குவா. ராத்திரி எட்டுக்குப் படுப்பா. காலையில் ஆறரைக்கு எழுந்து நம்மளையும் எழுப்பிடுவா. இதுதான் அசையாத ஒண்ணு. ஸ்ப்ரெட்ஷீட்டில் முதலில் அந்த மதியக் கட்டத்தைப் பூட்டினோம். அப்புறம்தான் மத்தது.

"ஸ்ட்ரோலர்லயே தூங்க வைக்கலாமே?"ன்னு கேட்பீங்க. சில குழந்தைகள் தூங்கும். உங்க குழந்தை அப்படின்னா நீங்க கொடுத்து வச்சவங்க. எங்க வீட்டில் ஆச்சி காலில் போட்டு ஆட்டி, பழைய சுங்குடிச் சேலையைப் போர்த்தினாத்தான் தூக்கம். அதை செப்டம்பர் மாச ஃப்ளோரிடா வெயிலில், பேண்டு வாத்தியம் வாசிக்கிற தெருவில் வச்சுப் பண்ண முடியாது.

அடுத்து, எங்கே தங்குறது? இதைத்தான் நிறையப் பேர் பணத்தை மட்டும் வச்சு யோசிக்கிறாங்க. நான் லேட்டன்சின்னு யோசிச்சேன். குழந்தை கண்ணைக் கசக்க ஆரம்பிச்ச நொடியிலிருந்து மெத்தையில் படுக்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம்? மேஜிக் கிங்டமில் இது பெரிய எண்ணிக்கை, ஏன்னா அந்தப் பார்க்குக்கு வாசலிலேயே கார் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் காரை விட்டுட்டு, மோனோரயிலோ படகோ பிடிச்சு அந்தப் பக்கம் போகணும். திரும்பும்போதும் அப்படியே. கோட்டை பக்கத்திலிருந்து கார் கதவைச் சாத்துற வரைக்கும் நாப்பது, ஐம்பது நிமிஷம் வச்சுக்கோங்க. மோனோரயில் போற ஹோட்டல்களில் தங்கினா இது ரொம்பக் குறையும். கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து பத்து நிமிஷம் நடந்தே போயிடலாம். அந்த ஹோட்டல்களோட விலையைப் பார்த்தா நமக்குத் தூக்கம் போயிடும், அது வேற விஷயம்.

நாங்க கிஸ்ஸிமீ பக்கம் மூணு படுக்கையறை உள்ள ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். முக்கியக் காரணம் சமையலறை. அப்பாவுக்கு ரெண்டு வேளை பர்கர் ஒத்துக்காது. ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, இட்லிப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் காரிலேயே வந்துச்சு. அட்லாண்டாவிலிருந்து ஆறரை மணி நேர டிரைவ்னு மேப் சொல்லும். குழந்தையோட ஒன்பது மணி நேரம். எங்களுக்கு ஒன்பதரை ஆச்சு.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாகணும், கொஞ்சம் உறைக்கும். பெரியவங்களைக் கூட்டிட்டுப் போறதுன்னா சம்பளமில்லாத சமையல்காரரையும் ஆயாவையும் கூட்டிட்டுப் போறதுன்னு நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். "அம்மா பாப்பாவைப் பார்த்துப்பாங்க, நாம ரோலர் கோஸ்டர் போகலாம்." அம்மாவும் சரின்னுதான் சொல்வாங்க. சொல்லாம இருக்க அவங்களுக்குத் தெரியாது. ரெண்டாவது நாளே எங்க அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் சமைச்சு வைக்கேன்"னு ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுக்காரர்தான், "அத்தை, சமையல் என் பொறுப்பு, உங்களுக்கு டிக்கெட் வாங்கியாச்சு, அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது"ன்னுட்டார். பணம் வீணாப் போகும்னா அம்மா எங்கேயும் வருவாங்க. சோறு குழைஞ்சு போச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல.

சரி, திட்டம். நாலு பார்க்கில் ரெண்டே ரெண்டுதான். மேஜிக் கிங்டம் 1971-இல் திறந்தது, அனிமல் கிங்டம் 1998-இல். எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டுடியோஸையும் விட்டுட்டோம். ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பெரிய பிள்ளைகளுக்கு அருமையா இருக்கும். ரெண்டு வயசுக்கு அங்கே வேலை கம்மி. அஞ்சு நாள் தங்கினதில் பார்க் நாள் மூணு, ஓய்வு நாள் ரெண்டு. முதல் பார்க் நாளும் மூணாவதும் அனிமல் கிங்டம், நடுவில் மேஜிக் கிங்டம். ஒரே பார்க்குக்கு ரெண்டு நாளான்னு எங்க வீட்டுக்காரர் முதலில் முறைச்சார். அரை நாள், அரை நாள்தானே இருக்கப் போறோம்?

முதல் நாள் அனிமல் கிங்டமில் ஆரம்பிச்சதுக்குக் காரணம் உண்டு. அங்கே கார் பார்க்கிங் வாசலுக்கு எதிரிலேயே இருக்கு. ஏரி இல்ல, படகு இல்ல. காலையில் சீக்கிரம் திறக்கும். காலையில் மிருகங்களும் சுறுசுறுப்பா இருக்கும். கிளிமஞ்சாரோ சஃபாரிஸ்னு திறந்த லாரியில் இருபது நிமிஷம் போலக் கூட்டிட்டுப் போவாங்க. உயரக் கட்டுப்பாடு கிடையாது. ஒட்டகச்சிவிங்கி ரோட்டோரம் வந்து நிற்கும். பாப்பா அதைப் பார்த்துட்டு வாயே திறக்கல. லாரி மேடு பள்ளத்தில் குதிச்சுக் குதிச்சுப் போகும், முதுகு வலி இருக்கிறவங்க யோசிச்சு ஏறுங்க. அப்பாவுக்கு அதில் சங்கடமே இல்ல. "நம்ம மாஞ்சோலை பஸ்சை விட இது தேவல"ன்னார்.

அதே பார்க்கில் ஆசியாப் பகுதின்னு ஒண்ணு. ஆனந்தபூர்னு ஒரு கற்பனை ஊரையே கட்டி வச்சிருக்காங்க. இடிஞ்ச அரண்மனை மாதிரி ஒரு கட்டடம், அதுக்குள்ள நடந்து போனா புலி. மகாராஜா ஜங்கிள் டிரெக்னு பேர். வரிசையில் நிற்க வேண்டாம், நடக்கிற பாதைதான், ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கிட்டே போகலாம். அப்பா அங்கே முக்கால் மணி நேரம் நின்னார். புலியைக் கொஞ்ச நேரம், அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம். காரை பெயர்ந்த மாதிரி, மழைத் தண்ணி வடிஞ்ச கறை மாதிரி எல்லாம் வேணும்னே செஞ்சிருக்காங்கன்னு சொன்னதும், "நம்ம ஊர்ல இதை நாங்க சும்மாவே செய்வோம்லா"ன்னார்.

பதினொன்றரைக்கு லயன் கிங் ஷோ. ஏசி அரங்கம், அரை மணி நேரம் உட்காரலாம். சத்தம் அதிகம், காதைப் பொத்திக்கிற குழந்தைன்னா கடைசி வரிசையில் உட்காருங்க. பன்னெண்டே காலுக்குக் கிளம்பிட்டோம். உள்ளே போனது எட்டு மணிக்கு. நாலேகால் மணி நேரம் போதும்.

மேஜிக் கிங்டமுக்கு நாளைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்லணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. ஆகஸ்ட்டிலிருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் சில நாட்களில் ராத்திரி ஹாலோவீன் பார்ட்டி உண்டு. அதுக்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட் வச்சிருக்கிறவங்க ஆறு மணிக்கு வெளியே போயிடணும். ராத்திரி வாணவேடிக்கை பார்க்க முடியாதுன்னு நிறையப் பேர் அந்த நாளைத் தவிர்ப்பாங்க. அதனால் பகலில் கூட்டம் குறைவா இருக்கும். எட்டு மணிக்குத் தூங்குற பிள்ளையை வச்சிருக்கிற நமக்கு ஆறு மணிக்கு மூடினா என்ன, எட்டு மணிக்கு மூடினா என்ன? மத்தவங்களுக்குக் குறையா இருக்கிறது நமக்குக் குறையே இல்ல.

திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நிற்கணும். எட்டு மணிக்குக் கார் பார்க்கிங்கில் இருந்தோம். டிஸ்னி ஹோட்டலில் தங்குறவங்களுக்கு அரை மணி முன்னாடியே உள்ளே விடுவாங்க, நமக்கு அது கிடையாது. இருந்தாலும் முதல் ஒன்றரை மணி நேரம்தான் தங்கம். ஏன்னு கேட்டா, இதுக்கு ஒரு சூத்திரம் இருக்கு. லிட்டில்ஸ் லா. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபணம் வெளியிட்டார். நம்ம சர்வரில் ரிக்வெஸ்ட் கியூவுக்குப் போடுற அதே கணக்கு. வரிசையில் நிற்கிற ஆட்களோட எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் ஏறுறாங்கங்கிற எண்ணால் வகுத்தா காத்திருக்கும் நேரம் வரும். உதாரணத்துக்கு, உங்களுக்கு முன்னாடி 400 பேர் நிற்கிறாங்க. மணிக்கு 800 பேரை ஏத்துற ரைடுன்னா அரை மணி நேரம். மணிக்கு 2,400 பேரை ஏத்துதுன்னா பத்தே நிமிஷம். வரிசையோட நீளத்தைப் பார்த்து பயப்படக் கூடாது, அது நகர்ற வேகத்தைப் பார்க்கணும்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டா பாதித் திட்டம் முடிஞ்சது. ஹான்டட் மேன்ஷன், பீப்பிள் மூவர் எல்லாம் நிற்காம ஓடிக்கிட்டே இருக்கிற வண்டிகள், நீங்கதான் ஓடுற வண்டியில் ஏறணும். ஸ்மால் வேர்ல்டில் பெரிய பெரிய படகு. இதெல்லாம் மதியம் போனாலும் ஓரளவுக்குத் தாங்கும். பீட்டர் பான் ஃப்ளைட் சின்னச் சின்னக் கப்பல், மூணு நிமிஷம் போல ஓடும். பிள்ளைங்க எல்லாரும் கேட்கிற ரைடு. அதனால் அங்கே எப்பவும் வரிசை. காலையில் முதல் வேலையா அங்கே போனோம், அடுத்து டம்போ யானை. டம்போவை 2012-இல் இடம் மாத்தினப்போ ரெண்டு சுத்தாக்கிட்டாங்க, அதனால் வரிசை முன்ன மாதிரி இல்ல.

பணம் கட்டி வரிசையைத் தாண்டுற லைட்னிங் லேன் வாங்கணுமான்னு நாலு பேர் கேட்டிருந்தீங்க. ரெண்டு வயசுக் குழந்தையோட போறவங்களுக்கு என் பதில், வேண்டாம். அதில் அதிகப் பயன் தர்ற ரைடுகள் பலதுக்கும் உயரக் கட்டுப்பாடு இருக்கு. செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44, டிரானுக்கு 48. எங்க பாப்பா 36. பார்ன்ஸ்டார்மர்னு ஒரு குட்டி ரோலர் கோஸ்டருக்கு 35 போதும். அவ தாண்டிட்டா, ஆனாலும் நாங்க ஏத்தல. அளவு குச்சி ஏத்திக்கலாம்னு சொல்லலாம், குழந்தை என்ன சொல்லும்னு குச்சிக்குத் தெரியாது. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பெரிய ரைடில் போக ஆசைன்னா ரைடர் ஸ்விட்ச்னு ஒரு வசதி இருக்கு. ஒருத்தர் வரிசையில் நின்னு போயிட்டு வர்ற வரைக்கும் இன்னொருத்தர் பிள்ளையோட வெளியே இருக்கலாம். அப்புறம் அவரும் முழு வரிசையில் நிற்காம போயிட்டு வரலாம். இது இலவசம். வாசலில் இருக்கிற ஊழியரிடம் முதலிலேயே சொல்லிடணும்.

அம்மாவுக்குப் பிடிச்சது ஸ்மால் வேர்ல்ட். நவராத்திரி சமயம் வேற. ரெண்டு பக்கமும் உலகத்துப் பொம்மை எல்லாம் வரிசையா நின்னு ஆடுறதைப் பார்த்துட்டு, "எவ்வளவு பெரிய கொலு!"ன்னாங்க. 1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செஞ்சது, அப்புறம் இங்கேயும் ஒண்ணு கட்டினாங்கன்னு நான் சொல்லிக்கிட்டு இருக்கேன், அம்மா காதிலேயே வாங்கல. பட்டுப்புடவை கட்டின பொம்மையைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. மூணு தடவை போனோம். அந்தப் பாட்டு எனக்கு இன்னும் தலைக்குள்ள ஓடுது.

எனக்குப் பிடிச்சது பீப்பிள் மூவர். 1975-இலிருந்து ஓடுது. வண்டியில் மோட்டாரே கிடையாது, தடத்தில் பதிச்சிருக்கிற லீனியர் இண்டக்ஷன் மோட்டார்கள் தள்ளிவிடும். பத்து நிமிஷம், நிழல், காத்து, உட்கார்ற சுகம். அப்பாவோட மூட்டுக்கு அது மருந்து. ஆனா ஏறுற இடத்தில் தரை நகர்ந்துக்கிட்டே இருக்கும், பெரியவங்க கையைப் பிடிச்சுக்கோங்க.

அப்பாவோட மூட்டுன்னதும் ஞாபகம் வருது. வாசலில் வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும். அதைச் சொன்னதும், "நான் என்ன சீக்காளியா?"ன்னு கோவிச்சுக்கிட்டார். மேஜிக் கிங்டமில் நடக்கிற தூரம் கொஞ்ச நஞ்சம் இல்ல. அப்புறம் என்ன நடந்ததுன்னா, பாப்பா ஸ்ட்ரோலரை அவரே தள்ளினார். கைப்பிடியில் பாரத்தைப் போட்டு நடக்கிறது அவருக்குச் சௌகரியமா இருந்திருக்கு. யாருகிட்டயும் கொடுக்கல. அவர் தள்ளாம நடக்கிறப்போதான் காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறதையே கவனிச்சேன். அந்த ஸ்ட்ரோலருக்கு எங்க வீட்டில் இன்னைக்கும் பேர் "தாத்தா வண்டி". அவர் ஊருக்குப் போயாச்சு, பேர் அப்படியே இருக்கு.

ஸ்ட்ரோலர் எடுத்துட்டுப் போறவங்க கவனிங்க: 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல இருந்தா உள்ளே விட மாட்டாங்க. வேகன் மாதிரி இழுக்கிறது எதுவும் கூடாது. ரைடுக்குப் போறப்போ வெளியே நிறுத்தணும். இடம் வேணும்னா ஊழியர்கள் நகர்த்தியும் வைப்பாங்க. திரும்பி வந்து பார்த்தா இருநூறு கறுப்பு ஸ்ட்ரோலர் நிற்கும். அம்மா சுங்குடிச் சேலையிலேயே ஒரு ஓரத்தைக் கிழிச்சுக் கைப்பிடியில் கட்டிட்டாங்க. சிவப்புப் புள்ளி, தூரத்திலிருந்தே தெரியும்.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டு போகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. தயிர் சாதமும் எலுமிச்சை சாதமும் கொண்டு போனோம். ஒவ்வொரு பார்க்கிலும் பேபி கேர் சென்டர் இருக்கு. ஏசி, உட்கார்ந்து ஊட்ட நாற்காலி, பாலூட்டத் தனி இடம், மைக்ரோவேவ், டயப்பர் மாத்த மேஜை. மேஜிக் கிங்டமில் அது மெயின் ஸ்ட்ரீட் முடியுற இடத்தில், கிரிஸ்டல் பேலஸ் பக்கத்தில் இருக்கு. முதல் அரை மணி நேரத்திலேயே அந்த இடத்தைக் கண்ணால் பார்த்து வச்சுக்கோங்க. தேவைப்படுற நேரத்தில் மேப் பார்க்க கை சும்மா இருக்காது.

டயப்பரை விட்டு இப்போதான் பழக்குறீங்கன்னா இன்னொண்ணு. பொதுக் கழிப்பறையில் சென்சார் வச்ச ஃப்ளஷ் இருக்கும். சின்ன உடம்பு சென்சாருக்குத் தெரியாது, உட்கார்ந்திருக்கும்போதே பேரிரைச்சலோட ஃப்ளஷ் ஆகும். ஒரு தடவை பயந்தா அன்னைக்கு முழுக்க அடக்கிக்கும். ஆபீஸில் ஒட்டுற மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒண்ணை சென்சார் மேல ஒட்டிடுங்க. வேலை முடிஞ்சதும் எடுத்துடலாம். இந்தப் பயணத்துக்கு நான் கொண்டு போனதிலேயே விலை குறைஞ்சதும் அதிகமா உதவினதும் இதுதான்.

மிக்கி வேஷத்தில் நிற்கிறவங்ககிட்ட போட்டோ எடுக்க ஒரு மணி நேரம் நிற்கிறதைப் பத்தி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்ல. டிவியில் ஒரு சாண் இருந்த எலி நேரில் ஆறடியில் வந்து நின்னா, ரெண்டு வயசுக்குப் பயம் வர்றதுதான் நியாயம். தெருவில் பரேடு போறப்போ தூரத்திலிருந்து காட்டினோம். தாத்தா தோளில் இருந்துக்கிட்டே டாட்டா காட்டினா. அது போதும்.

ஓய்வு நாளில் ஒரு மதியம், பாப்பா தூங்கி எழுந்த பிறகு, அனிமல் கிங்டம் லாட்ஜில் சனாங்கிற உணவகத்துக்குப் போனோம். ஹோட்டலுக்குள்ள இருக்கிறதால் பார்க் டிக்கெட் வேண்டாம், முன்பதிவு செஞ்சா போதும். நான் மாதிரி ரொட்டி வகைகளும் விதவிதமான சட்னிகளும் தர்ற பிரெட் சர்வீஸ் அங்கே பிரபலம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். அம்மா சட்னி ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்து, "இதுல கொத்தமல்லி, இதுல மாங்கா"ன்னு பிரிச்சுச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பாப்பா ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னா. மொத்தப் பயணத்திலேயே எல்லாரும் ஒரே நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

அப்பா ஊருக்குப் போய் மூணு வாரம் கழிச்சுப் பேசினப்போ, வ.உ.சி. மைதானத்தில் கூட நடக்கிறவங்ககிட்ட புலிக் கதையைச் சொன்னாராம். நம்பலையாம். அந்த இடிஞ்ச அரண்மனை போட்டோவை அனுப்பச் சொன்னார். அதில் புலி தெரியல, அவரும் ஸ்ட்ரோலரும்தான் தெரியுது. பரவாயில்ல அனுப்புன்னார்.

கடைசியா ரெண்டு கேள்வி. "புயல் சீசன்தானே, பயமில்லையா?" ஜூன் ஒண்ணிலிருந்து நவம்பர் 30 வரைக்கும் அட்லாண்டிக் புயல் காலம்தான். வாடகை வீட்டை எந்த நாள் வரைக்கும் பணம் போகாம ரத்து பண்ணலாம்னு பார்த்துட்டுத்தான் புக் பண்ணினோம். கார் பயணம்ங்கிறதால் விமான டிக்கெட் கவலை இல்ல. புயல் வரல, ஆனா மதியம் தோறும் இடியோட மழை வந்துச்சு. அந்நேரம் நாங்க வீட்டில் தூங்கிக்கிட்டு இருந்தோம்.

"மூணு வயசு தாண்டிட்டா போகலாமா, இல்ல அஞ்சு வரைக்கும் பொறுக்கலாமா?" டிக்கெட் காசு கொடுத்துத்தான் ஆகணும்னா, கூட யார் யார் வர்றாங்கன்னு பார்த்து முடிவு பண்ணுங்க. நீங்க மூணு பேர் மட்டும்னா பொறுங்க, 44 அங்குலம் வளர்ந்த பிறகு போனா ஸ்பேஸ் மவுன்டனும் சேர்ந்து கிடைக்கும். தாத்தா ஆச்சி வர்றாங்கன்னா அவங்க விசா தேதியைப் பார்த்து புக் பண்ணுங்க.

அடுத்த எபிசோடில் திரும்ப டேட்டாபேஸுக்கே போறோம். ஓடிடாதீங்க.